கட்டுத் தாயம்

அன்றைக்குக் காலையில் அர்த்தநாரியின் கணுக்காலில் ஒரு நூல் கட்டியிருந்தது.

தறிக்காரன் வீட்டில் நூல் என்ன அதிசயமா என்று கேட்பீர்கள். பூவாத்தாளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். சோற்றில் நூல், தலையில் நூல், பாயை உதறினால் நூல். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் பாதி வயிற்றைப் பஞ்சால்தான் நிரப்புகிறார்கள் என்று அர்த்தநாரியே கேலி பேசுவான். ஆனால் பூவாத்தாள் சின்ன வயதிலிருந்தே பாவு பிணைக்கிறவள். தறியில் நெடுக்காக ஓடுகிற இழைச் சுருள்தான் பாவு; ஒரு பாவு தீர்ந்து அடுத்ததைத் தறியில் ஏற்றும்போது, பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கிவிடுகிற வேலை. அந்தச் சந்தில் எந்தப் பட்டறையில் பாவு தீர்ந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முடிச்சைப் பார்த்தால் அதைப் போட்ட கை எது என்று சொல்லிவிடுவாள். இது இடது கைக்காரர் போட்ட முடிச்சு. அந்த வீட்டில் இருந்ததோ அவர்கள் இரண்டு பேர்தான். இருவருக்கும் எல்லாவற்றுக்கும் சோற்றுக்கைதான்.

அவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்து நூலை நறுக்கென்று வெட்டினாள். தூக்கத்திலேயே அவன், தேள் கொட்டினவன் மாதிரி மூச்சை உள்ளே இழுத்தான். பிறகு புரண்டு படுத்துக்கொண்டான்.

அந்த வீட்டுக்கு அவர்கள் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த வெள்ளாமைக் காட்டில் கிணறு வற்றிப்போனதும், இனி மண்ணை நம்பிப் பயனில்லை என்று தறிக்கு வந்தவர்கள். முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் நான்கு தறி போட்ட பட்டறை. வீட்டுக்காரர் குமாரசாமி ஆற்றுக்கு அக்கரையில் ஈரோட்டில் இருந்தார். ஊர் என்ன, ஆள் யார் என்று ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று இவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

பட்டறையின் நடுவில், தறிகளுக்கு இடையே, சிமெண்டுத் தரையில் ஒரு கருங்கல் பலகை பதிந்திருந்தது. அதில் தாயக்கட்டம் கொத்தியிருந்தது. கரண்டு இல்லாத நேரத்தில் பொழுது போக யாரோ கொத்தியது என்று குமாரசாமி சொல்லியிருந்தார். அந்தக் கல்லில் பூவாத்தாளுக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இருந்தது. தறி ஓடும்போது பறக்கிற பஞ்சு, பட்டறைக்குள் கடவுள் படத்தைக்கூட விட்டுவைக்காது. எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் கனத்துக்குப் படியும். அந்தக் கல்லில் மட்டும் படியாது. காற்று அடித்துக்கொண்டு போகிறது போலும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். காற்று நுழைய அங்கே ஜன்னல் கிடையாது.

அந்த வருடக் கோடையில் கரண்டு புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. எப்போது கோபித்துக்கொண்டு போகும் என்று ஓரளவு தெரியும்; எப்போது திரும்பி வரும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். மதியச் சோறு முடிந்த கையோடு போகும். விடிகாலையிலிருந்து தெரு முழுக்க வீட்டுக்கு வீடு இடித்துக்கொண்டிருந்த தறிச் சத்தம் ஒரே நொடியில் நின்று, காது வலிக்கிற மாதிரி ஓர் அமைதி மேலிருந்து இறங்கி, அதுவரை எங்கே ஒளிந்திருந்தன என்று தெரியாத சின்னச் சத்தங்களெல்லாம், பாலத்தில் ஏறுகிற லாரியின் முனகலும் எதிர்வீட்டுச் செல்லாயி பாத்திரம் தேய்ப்பதும் கூரை ஓட்டில் அணில் ஓடுவதும், ஒவ்வொன்றாக வெளியே வரும். அன்றைக்குப் புதிதாக ஒன்று கேட்டது. பித்தளையோடு பித்தளை உரசியது. பிறகு கல்லில் உருண்டு நின்றது. சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் உரசியது, உருண்டது.

யாரோ தாயக்கட்டை போடுகிறார்கள்.

பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கிய வெளிச்சத்தில், கல்லின் முன்னால் சம்மணம் போட்டு அர்த்தநாரி உட்கார்ந்திருந்தான். எதிரே யாருமில்லை.

"ஏனுங்க, ஆருகூட ஆடறீங்க?"

"ஆரும் இல்லெ புள்ளெ. சும்மா."

"தனியாத் தாயமாடற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன். தோத்தாலும் நீங்க, செயிச்சாலும் நீங்க. நல்ல வசதிதான் போங்க."

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பான். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் வாயைப் பார்த்துத்தான் அவளுக்கு அவன்மேல் ஆசையே வந்தது. இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. வலது கையால் கட்டையை உருட்டிப் புளியங்கொட்டைக் காயை நகர்த்தினான். பிறகு கட்டையை இடது கைக்கு மாற்றினான். இடது கை அதை வாங்கி உரசி உருட்டியது. சோற்றைப் பிசையக்கூடத் தெரியாத அந்தக் கை, பழகின கையாக எதிர்ப்பக்கத்துக் காய்களை நகர்த்தியது. அந்தப் பக்கத்துக் காய்கள் சின்னச் சின்ன நூல் முடிச்சுகள்.

இடது கை ஒரு முடிச்சைக் கொண்டுபோய்ப் புளியங்கொட்டையின் மேல் வைத்தது.

"வெட்டு" என்றான் அர்த்தநாரி.

இடது கை பக்கத்தில் கிடந்த நூல்கண்டிலிருந்து ஓர் இழையை உருவி, வலது மணிக்கட்டைச் சுற்றி, ஒற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டது. அவன் அதை, வேறு யாரோ யாருக்கோ செய்வதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூவாத்தாள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"இதென்ன ஆட்டமுங்க?"

"கட்டுத் தாயம்" என்றான். பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி சொல்ல ஆரம்பித்தான். "சாதாத் தாயந்தான். நம்ம காயை அவிங்க வெட்டுனா நமக்கு ஒரு கட்டு. மொதல்ல காலு, அப்பறம் கை, அப்பறம் வாயி, கடைசியா கண்ணு. நமக்குத் தாயம் உழுந்தா ஒரு கட்டு தானா அறுந்துக்கும். கை ரெண்டும் கட்டிட்டா ஊட்டு ஆளு ஒக்காந்து நமக்காவப் போடலாம். கட்டைக் கையால அவுக்கக் கூடாது, கத்தரிக்கக் கூடாது. கத்தரிச்சா அதும் ஒரு வெட்டுக் கணக்கு. கட்டு அத்தனையும் அறுந்தா நாம செயிச்சோம். கரண்டு வந்துட்டா ஆட்டம் நின்னுக்கும். அப்ப இருக்கற கட்டு இருந்தபடிக்கே நிக்கும். நாலு கட்டும் உழுந்திருந்தா..."

"உழுந்திருந்தா?"

அவன் கட்டையை எடுத்து மறுபடியும் உரசினான்.

அவளுக்குக் காலையில் செய்தது நினைவுக்கு வந்தது. "ஏனுங்க, காலைல உங்க காலுல ஒரு நூலு இருந்துச்சு. நாந்தான் கத்தரிச்சு எறிஞ்சேன்."

"நீயா அது?" அவன் வேட்டியை முழங்கால்வரை தூக்கினான். அவள் வெட்டியெறிந்த காலிலும் சேர்த்து இரண்டு கணுக்காலிலும் நூல் சுற்றியிருந்தது. "அதான் பாத்தேன். நேத்து நீ வேலைக்குப் போயிருந்தப்ப வாங்குனது ஒரு வெட்டுத்தான். ஆட்டத்துல ஒக்காரும்போதே ரெண்டாவது காலும் சேந்துருச்சு. நான் வாங்காத வெட்டு எங்கிருந்து வந்துதுன்னு ரோசனை பண்ணிட்டே இருந்தேன்."

"இதெல்லாம் ஆருங்க உங்களுக்குச் சொன்னாங்க?"

வெகுநேரம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"தெரியலெ புள்ளெ. ஆடறப்பவே தெரியுது."

அப்போது தெருமுனையில் 'ஓ'வென்று பிள்ளைகள் கத்தினார்கள். கரண்டு வந்துவிட்டது. தறிகள் இடிக்கத் தொடங்கின. அர்த்தநாரி எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வேலையைப் பார்க்கப் போனான். கையிலும் காலிலும் இருந்த நூலைப் பார்த்தவர்கள் கோயிலில் மந்திரித்த கயிறு என்று நினைத்திருப்பார்கள்.

அன்று படுத்தபோது கத்தரியைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவன் தூங்கினான். அவனுடைய இடது கை மட்டும் பாய்க்கு வெளியே நீண்டு, இரண்டு விரலால் எதையோ உரசிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் செல்லாயி வீட்டுக்குப் போனாள். செல்லாயி அவள் வயதுக்காரி, அந்தச் சந்திலேயே பிறந்து அந்தச் சந்திலேயே வாழ்க்கைப்பட்டவள். ஊர்க்கதை கேட்டால் உலையைக்கூட இறக்கி வைத்துவிட்டு உட்காருவாள். அன்றைக்கு நடந்ததைக் கேட்டும் உட்காரவில்லை.

"அந்தக் கல்லுல ஆடறாரா?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனம்மணி, நீ தடுக்கலையா?"

"தெரிஞ்சாத்தானுங்க தடுக்கறதுக்கு. என்னன்னு சொல்லுங்க."

"உங்களுக்கு முன்னால அண்ணந்தம்பி ரெண்டு பேரு அங்க தறி ஓட்டுனாங்க. தம்பி பேரு சின்னான். எடது கைப் பழக்கம் அவனுக்கு. கரண்டு போனா ரெண்டு பேருக்கும் அதான் வெளையாட்டு. தோத்தவனைக் கட்டிப் போட்டுட்டு, செயிச்சவன் போயி டீ குடிச்சுட்டு வந்து அவுத்து உடுவான். ஒரு நாளு தம்பியக் கட்டிப் போட்டுட்டு அண்ணங்காரன் கடைக்குப் போனான். அவன் டீயக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள கரண்டு வந்துருச்சு. தறி நாலும் ஓடுது. தம்பியக் காணோம்."

"எங்க போயிட்டான்?"

"காலும் கையும் கட்டியிருக்கறவன் எங்கம்மணி போவான்?" செல்லாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த வெயிலில். "அண்ணங்காரன் அன்னிக்கே ஊரை உட்டுப் போனவன்தான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் கண்ணு. கரண்டு போறப்ப அவரை அந்தப் பட்டறைக்குள்ள உடாத."

அன்று மதியம் கரண்டு போனதும் பூவாத்தாள் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். ஊர் என்ன நினைத்தால் என்ன. கரண்டு வருகிறவரை அவனைப் படித்துறையில் உட்கார வைத்துக் காவல் காத்தாள். அவன் சாதுவாக உட்கார்ந்திருந்தான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "என்ற மொறை வந்துருச்சு புள்ளெ. போட ஆளில்லாமக் கெடக்குது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான். திரும்பி வந்து, ஒரு நூல் மூட்டையை இழுத்துக் கல்லின் மேல் போட்டாள். நாளைக்கு அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அவன் மறுக்கவில்லை. தறியில் இருக்கிற பாவு நாளை மதியத்துக்குள் முடிந்துவிடும், முடித்துவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறலாம் என்றான். ஓடுகிற பாவைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எந்தத் தறிக்காரனுக்கும் கிடையாது. அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் மூன்றாவது வீட்டிலிருந்து அவளைப் பாவு பிணைக்கக் கூப்பிட்டார்கள். மதியத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று போனாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம், மண்ணெண்ணெயும் பஞ்சும் ஈரமண்ணும் கலந்த வாசம். சாம்பலைத் தொட்டு இழை இழையாக முறுக்கிக்கொண்டிருந்தாள். அறுந்ததும் விட்டதும் எதுவானாலும் கண் அதைப் பார்ப்பதற்கு முன்னால் விரல் அதைப் பிடித்துவிடும். பன்னிரண்டு வயதில் மாமன் பட்டறையில் பழகிய விரல். எங்கோ இடி இடித்தது. தறிச் சத்தம் நின்றது.

மதியம் ஆக இன்னும் நேரம் இருந்தது.

சாம்பல் சட்டி உருள, ஓடினாள். மழை கொட்டத் தொடங்கியிருந்தது. சந்தில் யாருமில்லை. வீட்டு வாசலில் காலை வைக்கும்போதே பட்டறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. உரசியது. உருண்டது. நின்றது.

நூல் மூட்டை சுவரோரம் போய்க் கிடந்தது. மேகம் கவிந்ததில் கண்ணாடி ஓட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம்தான் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குள் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தான். இரண்டு காலும் சேர்த்துக் கட்டியிருந்தது. இரண்டு கையும் முன்னால் சேர்த்துக் கட்டியிருந்தது. ஓர் இழை இல்லை; பல சுற்று; சதை பிதுங்குகிற இறுக்கம்.

இடது கையும் கட்டுக்குள்தான் இருந்தது.

கல்லின் மேல் தாயக்கட்டை உருண்டது.

"பூவு" என்றான். குரல் அவனுடைய பழைய குரல். பயந்த குரல். "கிட்ட வராத. ஓடிப் போயிரு."

அவள் ஓடவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மனிதனை விட்டுவிட்டு எந்த ஊருக்கு ஓடுவது? கத்தரி இடுப்பில்தான் இருந்தது. கை அதன்மேல் போனது. கத்தரித்தால் அதுவும் ஒரு வெட்டு. கையை எடுத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நூல் முடிச்சு தானாக நகர்ந்தது. ஒரு கட்டம், இன்னொரு கட்டம், மூன்றாவது கட்டம். புளியங்கொட்டையின் மேல் ஏறி நின்றது.

நூல்கண்டிலிருந்து இழை எழுந்தது. சுவரில் பல்லி ஏறுவது மாதிரி அவன் மார்பில் ஏறி, கழுத்தைத் தாண்டி, வாயைச் சுற்றியது. அவன் ஏதோ சொல்ல வந்தான். முடியவில்லை. மூன்று கட்டு. பாக்கி கண்தான்.

பூவாத்தாள் அவனுக்குப் பக்கத்தில், கல்லின் முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கட்டைகள் அவள் பக்கமாக வந்து கிடந்தன. எடுத்தாள். பித்தளை சூடாக இருந்தது. சற்றுமுன்தான் யாரோ உள்ளங்கையில் வைத்திருந்த சூடு. திருச்செங்கோட்டு மலையானே, கரண்டு வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டினாள். ஊரெல்லாம் கரண்டு வரவேண்டும் என்று கும்பிடுகிற வேளையில் அவள் ஒருத்தி வரக்கூடாது என்று கும்பிட்டாள்.

உருட்டினாள். நான்கு. காயை நகர்த்தினாள்.

எதிர்ப்பக்கம் உருண்டது. இரண்டு. முடிச்சு நகர்ந்தது.

அவள். மூன்று.

எதிர்ப்பக்கம். நான்கு. முடிச்சு அவளுடைய காய்க்கு ஒரு கட்டம் பின்னால் வந்து நின்றது. இனி ஒரே ஒரு தாயம் போதும் அதற்கு. எதிரில் யாருமில்லாத அந்த இடத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வியர்வை வாடை வந்தது. டீ வாடையும்.

உருட்டினாள். ஒரு கட்டையில் ஒன்று. இன்னொன்று சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. வெறும் பக்கம்.

தாயம்.

அர்த்தநாரியின் வாயைச் சுற்றியிருந்த நூல் படக்கென்று அறுந்து விழுந்தது. இழுத்து மூச்சு விட்டான். "மறுக்காப் போடு" என்றான். "தாயத்துக்கு மறுபோடு உண்டு. போடு பூவு."

ஆறு. அதற்கும் மறுபோடு. மூன்று. காய் தப்பிவிட்டது.

எதிர்ப்பக்கம் இரண்டு போட்டது. அவள் இரண்டு போட்டாள். மழை கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இடுப்பு மரத்துவிட்டது. பார்வை கல்லை விட்டு நகரவில்லை. தெருவில் யாரோ கத்தினார்கள். கரண்டா? இல்லை. மழையில் நனைந்த யாரோ. கரண்டு இல்லை. இன்னும் இல்லை.

மறுபடியும் தாயம். கைக்கட்டு அறுந்தது. மணிக்கட்டில் ரத்தம் கட்டியிருந்தது. அவன் அவளுடைய தோளைத் தொட்டான். குளிர்ந்த கை. ஆனால் அவனுடைய கை.

"காலு மட்டுந்தான் பாக்கி" என்றான்.

அவளுடைய மறுபோடு நான்கு. எதிர்ப்பக்கம் ஐந்து. மறுபோடு. மூன்று. முடிச்சு பக்கத்தில் வந்தது. மிகவும் பக்கத்தில்.

அவள் கட்டையை நெஞ்சோடு வைத்து அழுத்தினாள். இதற்கு முன்னால் எதையும் அவள் இவ்வளவு கேட்டதில்லை. பிள்ளை வேண்டும் என்றுகூட இப்படிக் கேட்டதில்லை. இவன் போதும். இவன் வாய்க்கொழுப்பும் குறட்டையும் போதும். உருட்டினாள்.

தாயம்.

காலைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் அத்தனையும், சுற்றுச் சுற்றாக, கரகரவென்று அறுந்து தரையில் விழுந்தது. கடைசிச் சுற்று மட்டும் விழாமல் கணுக்காலில் தொங்கியது. இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி. நடுவே விரல் அகலம் இடைவெளி.

அர்த்தநாரி சிரித்தான். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "செயிச்சுட்டே புள்ளெ! என்ற பொண்டாட்டி தாயத்துல..."

அவளும் சிரித்தாள். அழுதாள். அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அறுந்த இரண்டு நுனிகளும் விரல்களுக்கு நடுவே வந்தன. மழையில் நனைந்தும் சாம்பல் இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.

முறுக்கினாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அறுந்த இழையைக் கண்டால் அந்த விரல் சும்மா இராது. கட்டைவிரல் ஒரு தள்ளு, ஆள்காட்டிவிரல் ஒரு சுற்று. கண் இமைக்கிற நேரம். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை செய்த வேலை. இழை சேர்ந்துவிட்டது. கச்சிதமாக, பிணைத்த இடமே தெரியாமல் சேர்ந்துவிட்டது.

அவன் சிரிப்பு நின்றது.

குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"பூவு" என்றான். "என்ன சாமி பண்ணிட்டே?"

கட்டைகள் அவள் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தன.

உரசின.

தாயம். முடிச்சு ஒரு கட்டம் நகர்ந்தது. வெட்டு. கை.

மறுபோடு. ஐந்து. வெட்டு. வாய்.

"இல்லீங்க, இல்லீங்க, நான் வேணும்னு பண்ணுலீங்க." யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டையைப் பிடிக்கப் போனாள். கை சுட்டது. மறுபோடு. பன்னிரண்டு. வெட்டு.

அவன் கண் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நூல் வந்து அதை மூடுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தது.

தெருமுனையில் 'ஓ'வென்று பிள்ளைகள் கத்தினார்கள்.

முதல் வீட்டுத் தறி இடித்தது. இரண்டாவது வீடு. செல்லாயி வீடு. சத்தம் வீடு வீடாக நெருங்கி வந்தது. அவள் புருஷனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும், பலங்கொண்ட மட்டும். அவன் உடம்பின் சூடு இருந்தது. வியர்வை இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

நான்கு தறியும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. கட்டியிருந்த கைக்குள் ஒன்றுமில்லாமல் அவள் முன்னால் சரிந்து விழுந்தாள்.

பல்பு எரிந்தது.

தலையை நிமிர்த்தினாள். அவன் இருந்த இடத்தில் அவன் இல்லை. கட்டுகள் இருந்தன. தரையில் விழாமல், அவிழாமல், தளராமல், அந்தரத்தில் நின்றன. கணுக்கால் இருக்க வேண்டிய உயரத்தில் இரண்டு வளையம். மடியளவில் மணிக்கட்டுக்கு இரண்டு வளையம். மேலே வாய்க்கு ஒன்று, அதற்கும் மேலே கண்ணுக்கு ஒன்று. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் அளவுக்கு, உள்ளே ஆள் இல்லாமல். பறந்து வந்த பஞ்சு அவற்றின் மேல் படியாமல் விலகிப் போனது.

பூவாத்தாள் கத்தரியை எடுத்தாள். எந்த இழையில் வைப்பது என்று தெரியாமல் அது அவள் கையில் திறந்தபடியே நின்றது.

தறிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்க்க முடிந்தது. வாயைச் சுற்றியிருந்த நூல் மெல்ல உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே இழுபட்டது.